தலைக்கவசமும் ஒரு துண்டும்

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு எட்டு வயது. 2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா விண்கலம் ஏறிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டது முதல் அவன் உள்ளம் இந்தப் பூமியில் இல்லை. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்றதும், விண்வெளி வீரர் வேடமே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெரிய பலூன் ஒன்றை ஊதி, அதன்மேல் செய்தித்தாளைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் பலூனை உடைத்து, உருண்டையான ஒரு கவசத்தை ஆக்கிக் கொடுத்தாள் அவன் தாய். முன்புறத்தை வெட்டி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். வெள்ளை வண்ணம் பூசியது என் பங்கு.

வேலை முடிந்ததும், அதை முதலில் யார் அணிவது என்ற வினா எழுந்தது. பேரன் என்னைக் கை காட்டினான். “அவன் ஆசைக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன், வாப்பா” என்றாள் மகள்.

தலையில் இறக்கியதும் வீட்டின் ஓசைகள் யாவும் ஒரே நொடியில் விலகிப் போயின. மின்விசிறியின் இரைச்சலும், அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தமும், தெருவில் மீன் விற்பவரின் குரலும் சுவருக்கு அப்பால் சென்றுவிட்டன. அவற்றின் இடத்தில் என் மூச்சு வந்து அமர்ந்தது. வேறு யாரோ ஒருவரின் மூச்சைப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல் அவ்வளவு தெளிவாக அஃது ஒலித்தது. மூக்கின் நுனி அரித்தது. உயர்த்திய கை காகிதச் சுவரில் முட்டியது. பிளாஸ்டிக் தாளில் ஆவி படர்ந்து பேரனின் முகம் கரைந்தது. நான்கு மூச்சுக்கு மேல் என்னால் தாங்க இயலவில்லை. இரண்டு கைகளாலும் அதைப் பிடுங்கி எறிந்தேன். பசை காயாத ஓர் ஓரம் கிழிந்துவிட்டது.

“என்ன வாப்பா, முகமெல்லாம் வேர்த்துவிட்டதே!” என்று பதறினாள் மகள்.

“புழுக்கம், வேறொன்றுமில்லை” என்றேன்.

அது முழு உண்மை அன்று. நாற்பது ஆண்டுகளாக வீட்டில் எவரிடமும் நான் சொல்லாத ஒன்று அந்தக் காகிதக் கவசத்துக்குள் எனக்காகக் காத்திருந்தது. அதைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

1980 முதல் 1991 வரை வளைகுடா நாடொன்றில், கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்தேன். ஊரில் கேட்டவர்களிடம் “கப்பல் கம்பெனி” என்று மட்டுமே சொல்வேன். உண்மையில் என் வேலை மணலடிப்பது. அழுத்தமான காற்றோடு மணலைக் குழாய்வழியே பீய்ச்சி, இரும்பில் ஏறிய துருவையும் பழைய வண்ணத்தையும் உரித்தெடுக்க வேண்டும். தெறித்துத் திரும்பும் மணல் தோலைக் கிழித்துவிடும். தூசியோ ஓரடி தொலைவைக்கூட மறைத்துவிடும். ஆகவே எங்களுக்கு ஒரு தலைக்கவசம் உண்டு. முன்னால் கண்ணாடி, கீழே மார்புவரை தொங்கும் தடித்த துணி, பின்னால் தூய காற்று வரும் ஒரு குழாய். அந்தக் குழாயின் மறுமுனை எங்கோ வெளியே இருக்கும். என் உயிரின் மறுமுனையும் அங்கேதான் இருந்தது.

நிலவில் மனிதன் இறங்கியபோது நான் பள்ளிச் சிறுவன். அப்போது விண்வெளி வீரரின் கவசம் எனக்கு மன்னர்களின் மணிமுடிபோல் தோன்றியது. என் தலையில் ஒரு கவசம் ஏறிய பின்னரோ, அதை அணிந்தவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்றே தோன்றத் தொடங்கிற்று. அன்று முதல் விண்வெளித் தலைக்கவசம் குறித்து எங்கே எது வந்தாலும் விடாமல் படித்து வருகிறேன்.

விண்வெளியில் நடப்பவரின் கவசத்துக்குள் நிலவும் காற்றழுத்தம், நாம் இங்கே கடற்கரையில் உணரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அது முழுவதும் பிராணவாயு. அந்த வாயு தலையின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, உச்சியைத் தழுவி, முகத்தின்மேல் இறங்குகிறது. அவ்வாறு ஓடாவிட்டால் அவர் விட்ட மூச்சே கரியமில வாயுவாக முகத்தின் முன்னே தேங்கி அவரை மயக்கிவிடும். கண்ணாடியிலும் ஆவி படியும். பிடரியில் படும் அந்தக் குளிர்காற்றை நான் அறிவேன். அது படும்வரை கவலையில்லை.

கவசம் தோளோடு பூட்டப்பட்டிருப்பதால் தலையோடு அது திரும்பாது; அசையாத அந்தக் குமிழுக்குள் தலை மட்டும் திரும்பும். பக்கத்தில் இருப்பதைக் காண வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. காதடைப்பு நீங்க மூக்கை அழுத்திக்கொள்வதற்காக உள்ளே சிறியதொரு மெத்தைத் துண்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அரிப்பெடுத்தவர்கள் அதிலேயே மூக்கைத் தேய்த்துக்கொள்கிறார்கள் என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் என் கவசத்தின் உள்விளிம்பில் தேய்த்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

ஒலியும் அப்படியே. வெளியே காற்றில்லை, ஆகவே ஓசையும் இல்லை. எனினும் கவசத்துக்குள் அமைதி கிடையாது. காற்றைச் சுழற்றும் விசிறியின் ரீங்காரம், வானொலியில் வரும் தோழரின் குரல், எல்லாவற்றுக்கும் அடியில் சொந்த மூச்சு, இவை ஓய்வதில்லை.

மணத்தைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. கவசம் அணிந்தவரால் விண்வெளியை முகர முடியாது. அவர் கலத்துக்குள் திரும்பிக் கதவடைத்த பிறகே, உடையில் ஒட்டிவந்த மணம் உள்ளிருப்போருக்கு எட்டுகிறது. டான் பெட்டிட் என்ற அமெரிக்க வீரர், அஃது இளமையில் தாம் வெல்டிங் வேலை செய்த நாட்களை நினைவூட்டும் இனிய உலோக மணம் என்று எழுதியிருக்கிறார். கப்பல் தளத்தில் பதினோராண்டுகள் நான் சுவாசித்த மணமல்லவா அது! நிலவில் நடந்த 12 பேரும் கவசத்தைக் கழற்றிய பின்னரே நிலவை முகர்ந்தார்கள். அதன் தூசி வெடித்த வெடிமருந்துபோல் மணத்ததாகப் பலர் சொன்னார்கள். 1972 டிசம்பரில் சென்ற ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கடைப்பே வந்துவிட்டது. தூசிக்கு நிலவென்றும் பூமியென்றும் வேறுபாடு கிடையாது போலும்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். 2001 ஏப்ரலில் கனடா நாட்டின் கிறிஸ் ஹாட்ஃபீல்டு, விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு கண் எரியத் தொடங்கிற்று. கண்ணாடியில் ஆவி படியாதிருக்கத் தடவிய சோப்புக் கரைசல் கண்ணில் பட்டுவிட்டது. இங்கேயானால் கண்ணீர் வழிந்து எரிச்சலைக் கழுவிவிடும். அங்கே கண்ணீர் விழுவதில்லை. அது கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு, மூக்கைத் தாண்டி மறு கண்ணையும் மூடிவிட்டது. இரண்டு கண்ணும் தெரியாமல் அவர் அந்த வெட்டவெளியில் தொங்கினார். கண்ணீர்கூட மனிதனுக்கு ஆற்றல் தருவது பூமி இழுப்பதால்தான் என்பதை அன்று அறிந்தேன்.

அதைவிடக் கொடியது 2013 ஜூலை 16ஆம் நாள் நிகழ்ந்தது. இத்தாலியரான லூகா பர்மித்தானோ வெளியே வேலை செய்கையில், பிடரியில் ஈரம் படுவதை உணர்ந்தார். உடையைக் குளிர்விக்கும் அமைப்பிலிருந்து நீர் கவசத்துக்குள் கசிந்துகொண்டிருந்தது. எடையில்லாத இடத்தில் நீர் கீழே இறங்காது. தொட்டதைப் பற்றிக்கொண்டு படரும். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர், காதுகளை அடைத்து, கண்களை மூடி, மூக்கையும் மூடிற்று. அப்போது பார்த்துச் சூரியனும் மறைந்தது. கண் தெரியாமல், செவி கேளாமல், தம்மை நிலையத்தோடு பிணைத்திருந்த கயிற்றைக் கையால் தடவித் தடவி அவர் வாயிலை அடைந்தார். உடன் சென்ற தோழர் கிறிஸ் காசிடி, அந்தச் சிற்றறையில் காற்று நிரம்பும்வரை அவர் கையைப் பற்றி, நலமாயிருந்தால் அழுத்தும்படி சைகை கேட்டார். கை அழுத்திற்று. அவ்வளவுதான் செய்தி. அதன்பின் எல்லாக் கவசங்களிலும் நீரை உறிஞ்சும் மெத்தை ஒன்றையும், இடுப்புவரை நீளும் சாதாரணச் சுவாசக் குழாய் ஒன்றையும் வைத்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1984ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல் திரும்ப வந்தது.

ஒவ்வொரு மணலடிப்பவனுக்கும் வெளியே ஓர் உதவியாளர் உண்டு. மணற்பானையையும் காற்றுக் குழாயையும் கவனிப்பது அவர் கடமை. எனக்கு வாய்த்தவர் இராமநாதபுரக் கரையோரத்தைச் சேர்ந்தவர். என்னினும் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். நான் உள்ளே இறங்குமுன் என் கவசத்தை விரலால் இருமுறை தட்டி, “மூச்சு வருதா தம்பி?” என்று கேட்பார். பேச்சு கேளாத இரைச்சலில் எங்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை நான் குழாயை இருமுறை இழுக்க வேண்டும். இழுத்தால் நான் நலம்.

அன்று கப்பலின் அடித்தொட்டி ஒன்றுக்குள் இருந்தேன். வெளியே யாரோ இரும்புத் தகடுகளை இறக்கி வைத்தபோது, கீழே கிடந்த காற்றுக் குழாய் நசுங்கிவிட்டது. பிடரியில் குளிர்காற்று நின்றது. முதலில் ஒரு புழுக்கம். பிறகு என் மூச்சின் ஓசை. பிறகு அந்த ஓசையைத் தவிர வேறொன்றுமில்லை. கண்ணாடியோ மணல் பட்டுச் சொரசொரத்து வெளுத்திருந்தது. கவசத்தைக் கழற்றினால் தூசி. கழற்றாவிட்டால் நான் விட்ட மூச்சு. திசை தெரியாமல் தொட்டியின் விலா இரும்புகளில் மோதினேன். உம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கலிமாவைச் சொன்னதாக நினைவு. வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியாது.

இழுப்பு வரவில்லை என்பதைக் காக்கா கவனித்தார். தாம் இழுத்துப் பார்த்தார், பதில் இல்லை. உடனே மணலை நிறுத்திவிட்டு, குழாயைக் கையால் பற்றிக்கொண்டே அந்த இருட்டுக்குள் நடந்து வந்து என்னைத் தேடி எடுத்தார். வெளியே கிடத்திக் கவசத்தைக் கழற்றியபோது நான் கண்ட முதற்காட்சி அவர் முகம். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு. பருத்தித் துண்டு. புருவமும் இமையும் மணல் படிந்து வெளுத்திருந்தன.

அன்றுதான் அந்தத் துண்டை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் என் கண்முன் இருந்த துண்டு அது. எனக்குத் தலைக்கவசம் கொடுத்தவர்கள் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தூசிக்குள் நிற்பவன் நான், வெளியே நிற்பவர் அவர் என்பது கணக்கு. தூசிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. “காக்கா, உங்களுக்கும் ஒன்று கேளுங்களேன்” என்று ஒரே ஒருமுறை சொன்னேன். “கேட்டா வேலைதான் போகும் தம்பி” என்றார். நானும் அதன்பின் வலியுறுத்தவில்லை. என் வேலையும் எனக்கு வேண்டியிருந்தது.

தலைக்கவசம் எக்காலத்தும் வெறும் காப்புப் பொருளாக இருந்ததில்லை. அணிந்தவன் யார் என்று உலகுக்குச் சொல்லும் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் அணிந்த வெள்ளைக் கவசத்தின் நெற்றியில் சிவப்பு எழுத்துகளில் சோவியத்து நாட்டின் பெயர் இருந்தது. இருந்தும், குடையில் தொங்கி வயலில் இறங்கிய அவரைக் கண்ட ஒரு மூதாட்டியும் அவர் பேத்தியும் அஞ்சிப் பின்வாங்கினார்கள். தாமும் அந்நாட்டவரே என்று அவர் வாய்திறந்து சொன்ன பிறகே அச்சம் நீங்கிற்று. கவசம் மனிதனை அந்நியனாக்கியது. குரல் அவனை உறவினனாக்கியது.

1985 ஜூன் 17இல், நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில், சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் சல்மான் விண்ணேறினார். விண்வெளி சென்ற முதல் அரபியர், முதல் முஸ்லிம் என்று எங்கள் தங்குமிடமே அன்று பேசிக் களித்தது. 2023 ஏப்ரல் 28இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நியாதி 7 மணி 1 நிமிடம் விண்வெளியில் உலவினார். அவ்வாறு செய்த முதல் அரபியர் அவரே. அவர் கவசத்தைத் தொலைக்காட்சியில் கண்டபோது பெருமிதம் கொண்டேன். அந்தக் கவசத்துக்குள்ளே தலையோடு ஒட்டிய ஒரு துணித்தொப்பி உண்டு. காதொலியும் ஒலிவாங்கியும் அதில்தான் இருக்கின்றன. எவ்வளவு பெரிய கவசமாயினும் உள்ளே ஒரு தொப்பி என்பது, தொப்பியோடு வளர்ந்த நமக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. வெளிக்கண்ணாடியில் மெல்லிய பொன்பூச்சு. பொன் நம் ஆடவர்க்கு அணியன்று. அங்கோ அது அணியும் அன்று, நிழல். காற்றால் தணியாத சூரியக் கொடுமையைத் திருப்பி அனுப்பும் திரை.

அந்தப் பொற்கண்ணாடி இன்னொன்றும் செய்கிறது. அணிந்தவரின் முகத்தை மறைத்து, எதிரே நிற்பவரைக் காட்டுகிறது. 1969 ஜூலையில் நிலவில் எடுத்த புகழ்பெற்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முழு உருவமாய் நிற்பவர் ஆம்ஸ்ட்ராங் அல்லர், பஸ் ஆல்ட்ரின். அன்று படப்பெட்டி பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங்கின் கையில் இருந்ததால், நிலவில் முதலில் காலடி வைத்தவருக்கு அங்கே எடுத்த நல்ல படங்கள் மிகக் குறைவு. ஆல்ட்ரினின் கவசக் கண்ணாடியை உற்று நோக்குங்கள். அதில் சிறியதாக, வெள்ளையாக ஒருவர் நிற்கிறார். அவர்தாம் ஆம்ஸ்ட்ராங். அந்த இருவரின் உடைகளையும் தைத்தவர்கள், மகளிர் ஆடைகள் செய்துவந்த ஒரு நிறுவனத்தின் தையற்காரப் பெண்கள். ஒரு தையல் பிசகினாலும் உயிர் போகும். அந்தப் பெண்கள் எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை.

என்னிடமும் அத்தகைய படமொன்று உண்டு. 1985ஆம் ஆண்டுப் பெருநாளை அடுத்த வாரம், கவசத்துக்குப் புதுக் கண்ணாடி மாற்றியிருந்த காலையில், ஊருக்கு எடுத்துப் போக வாங்கிய படப்பெட்டியால் காக்கா என்னை எடுத்தார். கவசத்தோடு நின்றால் கம்பீரமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். உம்மாவுக்கு அனுப்பினேன். யாரிடமோ சொல்லி எழுதுவித்த மறுமொழி வந்தது: “உன் படம் வந்தது. உன் முகம் வரவில்லை.”

காக்கா 1993இல் ஊர் திரும்பினார். பள்ளிவாசல் படி ஏறுவதற்குள் இருமுறை நிற்பார். நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது, அது திரும்ப வெளியேறாது என்று மருத்துவர் சொன்னார். 1998இல் வபாத்தானார். கடைசியாக நான் கண்டபோது, மூச்சு வாங்கும் இடைவெளியில் சிரித்துக்கொண்டே, “உனக்கு மூச்சு வருதா தம்பி?” என்று கேட்டார். வீட்டாரிடம் அவரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் “உடன் வேலை பார்த்தவர்” என்பது மட்டுமே. அவருடைய கதையைச் சொன்னால் என் மௌனத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கிழிந்த கவசத்தை அன்றிரவே ஒட்டிக் கொடுத்தேன். பிறகு அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மகளுக்கும் பேரனுக்கும் காட்டினேன். பேரன் கவசத்தைக் கண்டு கண் விரித்தான். “நீங்கள் விண்வெளிக்குப் போனீர்களா?” என்றான். இல்லையென்று சொல்லி, கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். பழுப்பேறிய அந்தச் சிறு சதுரத்தில் ஒருவர் நிற்கிறார். கையில் படப்பெட்டி, முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. நடந்தது அனைத்தையும் சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. என் தோளில் கை வைத்திருந்தாள்.

பேரன் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அவருக்கு ஏன் கவசம் கொடுக்கவில்லை?”

நான் நாற்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எட்டு வயதுச் சிறுவன் என்னிடம் கேட்டான். இறைவன் அந்த நல்ல மனிதரின் மண்ணறையை விசாலமாக்குவானாக. பேரனுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.